பக்கத்து சீட்டு

இல்ல சார், அவரு வெளிய வரமாட்டாரு. நீங்க வாசல்ல நின்னு எவ்ளோ கூப்டாலும் வரமாட்டாரு. உள்ள கிரிக்கெட் ஓடிக்கினு இருக்குது, கமெண்ட்ரி கேட்டுக்கினு இருக்காரு. இன்னா விஷயம்னு எங்கிட்ட சொல்லுங்க. நான் அவரு வீட்டுக்காரம்மா தான். அமிர்தவள்ளி.

ஆமா, பரிதி ஷெட்டு இது தான். போர்டு கழட்டி எட்டு மாசம் ஆச்சு. மின்னூர் தாண்டி யார கேட்டாலும் வழி சொல்லியிருப்பாங்களே, சுத்திட்டா வந்தீங்க? வீடியோ பாத்துட்டு ராணிப்பேட்டைலேர்ந்து வர்றீங்க. அதுல இவர இளம்பரிதி அண்ணன்னு போட்ருக்கும். சரி, ஒக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இத்த போட்டுக்குங்க.

ட்யூனிங் சாஃப்ட்வேர் வாங்கிட்டீங்க, கேபிளும் வந்துடுச்சு, தொறந்து பாத்தா ஒண்ணும் புரியல. அதான? புரியாது சார். எல்லாம் கட்டம் கட்டமா நம்பரு. இந்த ஷெட்டுக்கு வந்த மெக்கானிக் ஒருத்தருக்கும் புரிஞ்சதில்ல. வீடியோல பேசுறாரே உங்க இளம்பரிதி அண்ணன், அவருக்கும் புரியல. கத்துக்கினது நானு.

சிரிங்க சார், பரவால்ல. எனக்குப் பழக்கம்.

இல்ல, இன்ஜினியரிங்லாம் படிக்கல. பன்னெண்டாவது முடிச்சுட்டு ஆம்பூர்ல ஷூ கம்பெனிக்குப் போனேன். மொதல்ல ஒட்டுற வேல, அப்புறம் பேட்டர்ன் செக்‌ஷன்ல கம்ப்யூட்டர். அங்க இன்ச்சார்ஜ் முனவ்வர் பேகம்னு ஒருத்தங்க. எனக்குக் கை சுத்தம்னு சொல்லி அவங்க தான் கம்ப்யூட்டர்ல ஒக்கார வெச்சாங்க. பதினோரு வருஷம் அதே நாற்காலி. ஒரு ஷூவுக்கு எட்டாம் நம்பர் அளவு குடுத்துடுவாங்க. அதுலேர்ந்து ஆறு, ஏழு, ஒம்போது, பத்து எல்லாம் நாம பிரிக்கணும். ஒரு எடத்துல ஒரு மில்லிமீட்டர் ஏத்துனா பக்கத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கினே வரணும். இல்லன்னா தோலு மடிஞ்சு போயி மூக்கு கோணிக்கும். அந்த செக்‌ஷன்ல என்ன மேடம்னு தான் கூப்டுவாங்க. அமிர்தா மேடம். இங்க யாரு கூப்டுறாங்க.

சொல்றேன், சொல்றேன். கத்துக்க வந்திருக்கீங்க, அவசரப்படாதீங்க.

ஆம்பூர்ல சர்தார் பாஷான்னு ஒருத்தரு, தோல் ஏஜென்ட். அவருக்குப் பழைய வண்டின்னா உசுரு. துறைமுகத்துல ஏலத்துல போன ஒரு அமெரிக்கா பிக்கப்ப எடுத்தாரு. எட்டு சிலிண்டர் பெட்ரோல். அதுக்கு மேல சூப்பர்சார்ஜர் வேற வரவழச்சாரு. உங்க வண்டில மாட்டியிருக்கீங்களே, அதே தான். பெல்ட்ல சுத்தி காத்த அழுத்தி உள்ள தள்ளும். அத்த ஏத்தி ஒக்கார வெக்கிறதுல எங்க வீட்டுக்காரர அடிச்சுக்க ஆளு கெடயாது, அத்த நான் ஒத்துக்கணும். பிராக்கெட் எல்லாம் அவரே வெட்டுனாரு. அந்தக் கையி அப்டிப்பட்ட கையி. ஆனா ஸ்டார்ட் பண்ணா வண்டி இருமுது, திக்குது, பொகை தள்ளுது. காத்து ஜாஸ்தியா போவுது, அதுக்கேத்த பெட்ரோலு போவல. எவ்ளோ காத்துக்கு எவ்ளோ பெட்ரோலுன்னு வண்டியோட கம்ப்யூட்டருக்கு நாம தான் எழுதிக் குடுக்கணும். அதுக்குத் தான் இந்த சாஃப்ட்வேர்.

அவரு ரெண்டு நாளு லேப்டாப்ப மொறச்சு மொறச்சு பாத்தாரு. மூணாவது நாளு மூடி எம்மேல போட்டாரு. நீ தான் கம்ப்யூட்டர்ல கெடக்குறியே, பாருன்னாரு. கம்பெனி பஸ்ஸு வுட்டுட்டுப் போவும், மூஞ்சி கழுவிட்டு ஒக்காருவேன். சாஃப்ட்வேரோட வந்த புக்கு, எரநூறு பக்கம் இங்கிலீஷ். டிக்‌ஷனரி வெச்சுக்கினு படிச்சேன். ஒரு வாரம் ஒண்ணுமே வெளங்கல. அப்புறம் ஒரு நாளு அந்தக் கட்டத்த பாக்குறேன், எட்டாம் நம்பரு ஷூ மாதிரி தெரியுது. இந்தப் பக்கம் இன்ஜின் வேகம், மேல காத்தோட அழுத்தம், நடுவுல பெட்ரோலு. ஒரு கட்டத்த மட்டும் ஏத்திட்டு பக்கத்துக் கட்டத்த அப்டியே வுட்டா வண்டி அங்க போயி திக்குது. பக்கத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கினே வரணும். அவ்ளோ தான சார், இத்த தான பதினோரு வருஷமா செஞ்சுக்கினு இருந்தேன்.

தப்பு பண்ணாம இல்ல. நீங்களும் பண்ணுவீங்க, அதான் மொதல்லயே சொல்லிடுறேன். வண்டி கம்ப்யூட்டருக்குள்ள நம்பர எழுதும்போது பேட்டரிக்கு சார்ஜர் போட்டுத் தான் எழுதணும். நான் போடல. பாதி எழுதிக்கினு இருக்கும்போது பேட்டரி எறங்கிடுச்சு. வண்டி செத்துப் போச்சு. சாவி போட்டா டேஷ்போர்டுல ஒரு லைட்டு கூட வரல. இவரு ஷெட்டுல இருந்த ஆளுங்க எல்லாரு முன்னாடியும், பொட்டச்சி கையில குடுத்தது என் தப்புன்னாரு. சர்தார் பாஷா பாய் எத்தினி நாளு வேணும்மா உனக்குன்னு மட்டும் கேட்டாரு. ஒம்போது நாளு ஆச்சு. வெளிநாட்டுக்காரங்க பேசிக்கிற ஒரு குரூப்பு இருக்குது, அதுல போயி கேட்டேன். என் பேருல கேக்கல, இவரு பேருல தான். பொம்பளன்னா பதிலு சொல்ல மாட்டாங்க, வேற ஏதாவது பேசுவாங்கன்னு ஒரு பயம். எவ்ளோ பொறுமையா சொல்லிக் குடுத்தாங்க தெரியுமா. பிரதர், பிரதர்னு. நானும் தேங்க்யூ பிரதர்னு போட்டேன். பத்தாவது நாளு வண்டி முழிச்சுக்கிச்சு.

அதுக்கப்புறம் ரோட்டுல ஓட்டிப் பாக்கணும். ஷெட்டுல நிக்க வெச்சு பாதி தான் தெரியும். அவரு ஓட்டுவாரு, நான் பக்கத்து சீட்டுல லேப்டாப்ப மடில வெச்சுக்கினு ஒக்காருவேன். மூணாவது கியருல போட்டு முழுசா மிதிப்பாரு. அந்தச் சத்தம், நெஞ்சுக்குள்ள வந்து ஒக்காந்துக்கும். நான் நம்பர மட்டும் தான் பாப்பேன். காத்துக்கும் பெட்ரோலுக்கும் உள்ள கணக்கு அது. முழுசா மிதிக்கும்போது பதினொண்ணரை கிட்ட நிக்கணும். பெட்ரோலு கம்மியாச்சுன்னா நம்பரு ஏறும். பன்னெண்ட தாண்டுனா பயம், பதிமூணுன்னா உள்ள பிஸ்டன் உருகுதுன்னு அர்த்தம். ஏறுதுன்னு நான் வாயத் தொறந்தா போதும், அவரு கால எடுத்துடுவாரு. ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டாரு. வீட்டுல உப்பு கம்மின்னா நூறு கேள்வி கேக்குற மனுஷன்.

கல்யாணம் ஆயி பதினெட்டு வருஷம் சார். அதுல அந்த மூணு மாசம் தான் நாங்க புருஷன் பொண்டாட்டியா இருந்தோம்னு எனக்குத் தோணும். பொழுது சாயுற நேரம் ஆம்பூர் பைபாஸ்ல போவோம், திரும்பி வரும்போது ரோட்டோரம் நிறுத்தி டீ குடிப்போம். இன்னிக்கு எவ்ளோ இழுக்குது பாத்தியா அமிர்தா, அப்டின்னுவாரு. நீ பண்ணன்னு சொல்ல மாட்டாரு. இருந்தாலும் பாத்தியான்னு கேக்குறாரேன்னு இருக்கும்.

ஆங், அந்த வீடியோ. நீங்க பாத்தது அந்த வண்டி தான். சேனல்காரரு ஒருத்தரு பெங்களூர்லேர்ந்து வந்து எடுத்தாரு. நான் ஒரு நாளு கம்பெனிக்கு லீவு போட்டுட்டு, நல்ல பொடவையா கட்டிக்கினு வந்து நின்னேன். இவரு கேமரா முன்னாடி நின்னு சொல்றாரு, எரநூறு பக்கம் டிக்‌ஷனரி வெச்சுப் படிச்சேன், ஒம்போது நாளு வண்டி செத்துக் கெடந்தது, நான் வுடலன்னு. எல்லாம் நான் சொன்ன கத தான், ஒரு வார்த்த கூட மாத்தல. நான் கேட்டுக்கினே நிக்கிறேன். டீ எடுத்தாம்மான்னாரு. எடுத்துக்கினு போனேன். நாலாவது நிமிஷத்துல பாருங்க, டீ கிளாஸோட ஒரு கை வரும். அது என் கை தான்.

கேட்டேன் சார், கேக்காம இருப்பேனா. வீட்டுக்கு வந்து கேட்டேன். உன் பேர சொன்னா எவன் வண்டி குடுப்பான், இது தொழில்னாரு. அதுவும் நெசம் தான், நீங்களே இப்ப சிரிச்சீங்க. அப்புறம் வண்டிங்க வர ஆரம்பிச்சுச்சு. கிருஷ்ணகிரி, ஓசூரு, சித்தூருன்னு. கம்பெனிய வுட்டுடு, இங்க ஆளு வேணும்னாரு. வுட்டேன். முனவ்வர் பேகம் எவ்ளோ சொன்னாங்க, யோசிச்சுக்க அமிர்தா, இந்த நாற்காலி திரும்ப வராதுன்னாங்க. நான் யோசிக்கல. யாராவது வண்டி கொண்டாந்தா, உள்ள ரூம்ல ஒக்காந்து அதுக்கான நம்பரு ஃபைல நான் செய்வேன். அவரு வெளிய வந்து ஜனங்களுக்கு வெளக்குவாரு. சில நாளு தப்பா வெளக்குவாரு. உள்ளேர்ந்து கேட்டுக்கினே இருப்பேன்.

எங்க பொண்ணு தமிழினி வேலூர்ல காலேஜ் படிக்குது. சேரும்போது ஒரு ஃபாரம் குடுத்தாங்க. அப்பா தொழிலுன்ற எடத்துல ஆட்டோமொபைல் ட்யூனிங் நிபுணர்னு எழுதுச்சு. அம்மாவுக்கு இல்லத்தரசின்னு எழுதுச்சு. கையெழுத்து போடும்மான்னு எங்கிட்டயே நீட்டுச்சு. போட்டேன்.

உங்களுக்கு எதுக்கு இதெல்லாம். வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க, கேபிள மாட்டுறேன். ஐடில்ல, மிதிக்காம சும்மா ஓடும்போது, எப்டி நிக்குதுன்னு பாக்கலாம். ஆஃப் பண்ணிடாதீங்க, கொஞ்ச நேரம் ஓடட்டும். சத்தம் இருக்கட்டும்.

அவருக்கு இன்னா ஆச்சா? கேள்விப்படலியா நீங்க. போன மார்கழில பாலாத்துல ஒரு பந்தயம் வெச்சாங்க. பாலாறுன்னா தண்ணி எங்க இருக்குது, முழுக்க மணலு தான். அந்த மணல்ல பெரிய டயர் போட்ட வண்டிங்கள ஓட்டி, கரை மேட்டு மேல ஏத்தணும். எங்கெங்கேர்ந்தோ ஆளுங்க வந்திருந்தாங்க. சர்தார் பாஷா வண்டிய இவரு ஓட்டுறாருன்னு பேசி வெச்சுட்டாங்க. சேனல்காரரும் வந்திருந்தாரு. இவரு மேட்டுல பாதி ஏறுறாரு, முழு மிதில, உள்ள ஏதோ தட்டுற சத்தம். அடுத்த நொடி இன்ஜின் பக்கவாட்டுல ஒடஞ்சு உள்ள இருந்த ராடு வெளிய வந்துடுச்சு. ஆயிலு சைலன்சர் பைப்பு மேல கொட்டி நெருப்பு. அவரு நல்லபடியா எறங்கிட்டாரு சார். அதான் கேளுங்க. ஒரு சிராய்ப்பு இல்லாம எறங்கிட்டாரு. எறங்குனவரு ஓடி வந்துருக்கலாம். வண்டி எரியுதேன்னு முன்பக்கம் போயி பானெட்ட தூக்கிட்டாரு. உள்ள அடங்கிக் கெடந்த நெருப்பு மொத்தமா மூஞ்சிக்கு வந்துச்சு.

ரெண்டு கையும் வெரலு ஒட்டிக்கிச்சு. வேலூர்ல நாலு ஆபரேஷன் பண்ணாங்க. எடது கண்ணு இல்ல, வலது கண்ணுல நெழலு தெரியும். கிளாஸ் புடிக்க முடியாது. நான் தான் ஊட்டி வுடுறேன்.

டேங்க்லேர்ந்து இன்ஜினுக்கு பெட்ரோல தள்ளுற பம்பு வீக்குன்னு தான் எல்லாரும் சொன்னாங்க. ஒடஞ்ச இன்ஜின பிரிச்சுப் பாத்தவங்களும் அதான் சொன்னாங்க. மேல போவப் போவ பெட்ரோலு பத்தல. சர்தார் பாஷா பாய் வெள்ளிக்கெழம தொழுதுட்டு நேரா இங்க தான் வருவாரு. இவரு பக்கத்துல ஒரு மணி நேரம் ஒக்காந்திருப்பாரு. நான் புது பம்பு வாங்கிக் குடுத்திருக்கணும், எம்பேருல தான் தப்புன்னு அவரே சொல்லிக்கினு அழுவாரு. இவரு சும்மா இருங்க பாய்ம்பாரு. நான் டீ கொண்டாந்து வெப்பேன்.

உங்க வண்டி ஐடில்ல நல்லா தான் இருக்குது. ரோட்டுல போட்டு பாக்கணும். நான் வரமாட்டேன் சார். இவர தனியா வுட்டுட்டு வர முடியாது, அதுவுமில்லாம நான் அந்த சீட்டுல ஒக்காந்து எட்டு மாசம் ஆவுது. நீங்க ஓட்டும்போது வேற யாராவது தான் நம்பர பாக்கணும். ஓட்டுறவங்க பாக்க முடியாது, கண்ணு ரோட்டுல இருக்கணும்ல.

யாரு அது, அந்தப் பக்கம் வண்டிக்குள்ள? உங்க மிஸஸ்ஸா. இவ்ளோ நேரம் வெயில்ல ஒக்கார வெச்சிருக்கீங்களே, சொல்லக் கூடாதா. படிச்சவங்களா? பிஎஸ்சி மேக்ஸ். சரி. அவங்க தான் லேப்டாப்ப வெச்சுக்கப் போறாங்க.

அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா புடிச்சுக்குவாங்கன்றீங்க. அப்டியா.

இருங்க, ஆஃப் பண்ணாதீங்க. இன்ஜின் ஓடட்டும்னு சொன்னேன்ல, உள்ள அவருக்குக் காது நல்லா கேக்கும்.

பந்தயத்துக்கு மொத நாளே நான் சொன்னேன். ஓட்டிட்டு வந்தப்ப நம்பரு பன்னெண்டரைக்குப் போச்சு, பம்பு வீக்கா இருக்குது, மாத்திட்டு ஏறலாம்னேன். ஆளுங்க இருந்தாங்க. எனக்குத் தெரியும், நீ போயி சோத்த பாருன்னாரு. மறுநாளு காலைல பாலாத்துல, ஏறுறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு போயி பாக்கலாம்னு வழக்கம் போல என்ன பக்கத்துல ஏத்திக்கினாரு. அப்ப அந்த சேனல்காரரு கேமராவ ஜன்னல் கிட்ட கொண்டாந்து, அண்ணி எதுக்கு லேப்டாப்போட ஒக்காந்திருக்காங்கன்னு கேட்டாரு. நல்ல மனசோட தான் கேட்டாரு. எனக்கு ஒரு நிமிஷம், இப்பவாவது சொல்லுவாருன்னு இருந்துச்சு. இவரு சிரிச்சுக்கினே, அது லேப்டாப் வெக்கிற ஸ்டாண்டுன்னாரு. சுத்தி நின்ன அத்தன பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன் சார்.

அப்டியே போனோம். மணல்ல ஒரு நீட்டு, முழுசா மிதிச்சாரு. திரும்பி வந்து நிறுத்துனாரு. நம்பரு பதிமூணேகாலு. செவப்புல நிக்குது. நான் எறங்குறதுக்குக் கதவத் தொறக்குறேன், அப்ப கேட்டாரு. கேமரா போனப்புறம், யாருக்கும் கேக்காத மாதிரி, சரியா இருக்குதா அமிர்தான்னாரு. எங்கிட்ட கேட்டுட்டுத் தான் ஏறுவாரு, எப்பவும்.

சரியா இருக்குதுன்னேன்.

லேப்டாப்ப மூடிக்கினு எறங்கிட்டேன்.

இன்ஜின் போவும்னு தெரியும். அத்தன பேரு முன்னாடி போவட்டும்னு தான் நெனச்சேன். மேட்டுல பாதில நிக்கணும், கேமராக்காரரு கேக்கணும், இவருக்கு பதிலு தெரியக் கூடாது. அவ்ளோ தான் நெனச்சேன். பானெட்ட தொறப்பாருன்னு நெனக்கல.

அவரு என்ன ஒரு தபா கூட கேட்டதில்ல. தெரியுமா, தெரியாதா, எனக்குத் தெரியல. சோறு ஊட்டும்போது வாயத் தொறக்குறாரு, அவ்ளோ தான்.

போதும், ஆஃப் பண்ணிடுங்க. நீங்க இங்கயே இருங்க சார். அவங்கள எறங்கி வரச் சொல்லுங்க. அவங்களுக்குத் தான் மொதல்ல சொல்லித் தரணும்.